முகட்டுக்குச் சூடு, மருமோனுக்கு நடுக்கம்

தம்பி, கோவியாதேங்கோ, ஒரு சந்தோசமான செய்தி சொல்லுறன். உங்கடை கராஜ் முகட்டுக்கு இந்த விண்டரிலை தடிமன் வராது. நீங்கள் வாங்கிவந்த குட்டி ஹீற்றர் ராப்பகலா அதுக்குத்தான் ஊழியம் செய்யுது. கீழை நிண்டு பலகை அரியிற உங்களுக்குக் கை விறைச்சுப் போச்சு. மேலை லைட்டைச் சுத்திக் கூடு கட்டின சிலந்தி மேலுக்குச் சட்டையில்லாமல் இருக்குது.

சூடான காத்து பாரம் குறைஞ்சது, மேலை ஏறிப் போய் ஒட்டிக்கொள்ளும். இஞ்சினியரிங் படிச்ச பிள்ளைக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. படிச்ச பிள்ளை இரண்டாவது ஹீற்றருக்கு விலை பாக்குது எண்டு மகள் சொன்னபடியாத்தான் வாயைத் திறக்கிறன்.

ஒரு கணக்குப் பாப்பம். இரண்டு கார் விடுற கராஜ். நீளம் 6 மீற்றர், அகலம் 6 மீற்றர், உயரம் இரண்டரை எண்டால் 90 கன மீற்றர். அதுக்குள்ளை இருக்கிற காத்து கிட்டத்தட்ட 115 கிலோ. அந்தக் காத்தை மட்டும் 20 பாகை கூட்டுறதுக்கு 1500 வாட்ஸ் ஹீற்றருக்கு அரை மணித்தியாலம் போதும். பிறகேன் அது விடிய விடிய இரையுது? சீமெந்துத் தரை குடிக்குது, தகரக் கதவு குடிக்குது. மிச்சம் கதவுக்குக் கீழை இருக்கிற நீக்கலாலை வெளியிலை போகுது. அந்த நீக்கலாலை பக்கத்து வீட்டுப் பூனை குனியாமல் வந்து போகுது தம்பி. ஸ்காபறோ முழுக்கச் சூடாக்கிறது உங்கடை நோக்கமெண்டால் நல்ல மனசுதான். இல்லையெண்டால் முதல்லை கதவின்ரை அடியிலையும் பக்கத்திலையும் றப்பர் பட்டி அடியுங்கோ. இரண்டாவது ஹீற்றரை விட அது எவ்வளவோ மலிவு.

அடுத்தது அந்த ஃபான். போன கிழமை பெரிய ஃபானைக் கொண்டந்து ஹீற்றரின்ரை மூஞ்சைக்கு நேர வைச்சியள். ஹீற்றர் முன்னுக்கு ஊதுது, ஃபான் பின்னுக்குத் தள்ளுது; சூடு வெளியிலை வராமல் உள்ளுக்கையே நிண்டு, அது தானா நிண்டு போச்சு. பழுது எண்டு கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகப் பாத்தியள். அது பழுதில்லை, அளவுக்கு மிஞ்சிச் சூடானால் தன்னைத்தானே நிப்பாட்டிற ஒரு சின்னச் சாமான் அதுக்குள்ளை இருக்குது. அதுக்கு இருக்கிற புத்தி... சரி, விடுங்கோ.

ஃபானை ஹீற்றருக்குப் பக்கத்திலை வைக்கிறதே வேண்டாம். ஒரு சின்ன ஃபான், ஆகக் குறைஞ்ச வேகம், எதிர் மூலையிலை, முகட்டுக்குக் கிட்ட. சுவர் ஓரமா ஊதட்டும். ஹீற்றர் ஊதிற சுத்தும் ஃபான் ஊதிற சுத்தும் ஒரே பக்கமா இருக்கவேணும், தேர் நாலு வீதியும் சுத்தி வாறமாதிரி. எதிரும் புதிருமா ஊதினால் நடுவிலை முட்டிக்கொண்டு நிக்கும். முகட்டிலை ஃபான் பூட்டியிருந்தால் இன்னும் சுகம். அதிலை ஒரு குட்டிச் சுவிச் இருக்கும், விண்டருக்கு மாத்தி விடுங்கோ. அப்ப அது நடுவாலை மேலை இழுத்து, மேலை கிடக்கிற சூட்டைச் சுவர் வழியாக் கீழை இறக்கும். காத்தை மட்டும் உங்கடை மேலிலை பட விடாதேங்கோ. 10 பாகையிலை காத்துப் பட்டால் கூடக் குளிரும், பிறகு ஹீற்றரைத்தான் திட்டுவியள்.

உங்கடை சிநேகிதன் ஒருத்தர் யோசனை சொன்னாராம், உடுப்புக் காயவைக்கிற மிசினின்ரை குழாயை ஹீற்றர் வாயிலை செருகி மேசைக்குக் கீழை கொண்டுபோகலாமெண்டு. அவரை முதல்லை தன்ரை வீட்டிலை செய்து பாக்கச் சொல்லுங்கோ. வேண்டாம், அவருக்கும் பிள்ளை குட்டி இருக்குது. ஹீற்றரின்ரை வாயையும் மூக்கையும் ஒண்டும் அடைக்கக் கூடாது. சுத்திவர ஒரு மீற்றருக்குச் சாக்கு, கடதாசிப் பெட்டி, மரத்தூள் ஒண்டும் வேண்டாம்.

சூடு மேலை ஏறுது எண்டு பாத்தம். கீழை இறங்கிற ஒண்டு இருக்குது, அதைப் பற்றி ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லேல்லைப் போல. பெற்றோல் ஆவி காத்தை விடப் பாரம், தரையோடை ஊர்ந்து திரியும். பனி தள்ளிற மிசினையும் பெற்றோல் கானையும் மூலையிலை வைச்சுக்கொண்டு, “வெளியிலை சைபருக்குக் கீழை 20, இந்தக் குளிருக்கை என்னண்டு பத்தும் மாமா?” எண்டு என்னைக் கேட்டியள். சைபருக்குக் கீழை 40 வரைக்கும் பெற்றோல் ஆவி பத்தும் தம்பி. அதுக்குக் குளிர் தெரியாது. அதுதான் கராஜிலை நெருப்பு, பொறி வாற சாமானைத் தரையிலை இருந்து 45 சென்ரிமீற்றர் உயரத்திலை வைக்கச் சொல்லிச் சட்டம் போட்டவை. நீங்கள் ஹீற்றரைத் தரையிலை, கானுக்கு நேர வைச்சிருக்கிறியள். ஃபானும் போட்டால் ஆவியைக் கூட்டிக்கொண்டு போய் ஹீற்றருக்கு அறிமுகம் செய்து வைக்கும். முதல்லை கானைத் தோட்டத்துக் கொட்டிலுக்குக் கொண்டுபோங்கோ. காத்தைச் சுத்திவிடுறது அதுக்குப் பிறகு.

கறண்ட் கதைக்கு வாறன். 1500 வாட்ஸ், 120 வோல்ட் எண்டால் பன்னிரண்டரை அம்ப். உங்கடை கராஜ் வயர் 15 அம்ப். மிச்சத்திலை மாமியின்ரை ஃபிறீசர், நண்டும் இறாலும் வைச்சிருக்கிற ஃபிறீசர், ஓடவேணும். பிறேக்கர் விழுந்து நண்டு இளகினால் மாமிக்கு நான் பதில் சொல்லமாட்டன், முன்கூட்டிச் சொல்லிப்போட்டன். எக்ஸ்ரென்சன் வயர் வேண்டாம், பவர் பாரும் வேண்டாம்; நேரச் சுவரிலை குத்துங்கோ. பிளக்கைத் தொட்டால் சுடுது எண்டால் கழட்டிப்போட்டு எலக்றீசியனைக் கூப்பிடுங்கோ. பெரிய சூடு தேவையெண்டால் 240 வோல்ட் ஹீற்றருக்குத் தனி வயர் இழுக்கச் சொல்லுங்கோ. அது செலவுதான். சீட்டு விளையாட்டிலை தோக்கிற காசு மிச்சம் பிடிச்சால் போதும்.

காஸ் ஹீற்றர் வாங்குவம் எண்டும் ஒரு கதை அடிபடுது. வெளியிலை புகை போகக் குழாய் இல்லாத புரொப்பேன் ஹீற்றர், 20 றாத்தல் சிலிண்டர் ஒண்டு எரிஞ்சு முடிய 15 லீற்றர் அளவு தண்ணியை ஆவியாக் காத்திலை விடும். உங்கடை வாள், உளி, சுத்தியல் எல்லாம் கறள் பிடிச்சு, கடற்கரையிலை தோண்டி எடுத்தமாதிரி வரும். அது சின்ன விசயம். காபன் மொனொக்சைட் மணக்காது, கண்ணுக்கும் தெரியாது. ரத்தத்திலை ஒக்சிசனை விட இருநூறு மடங்குக்கு மேலை இறுக்கிப் பிடிக்கும். 2008 டிசெம்பரிலை இஞ்சை ஒன்ராறியோவிலை, வூட்ஸ்ரொக்கிலை, ஒரு பொலிஸ்காரப் பிள்ளையும் புருசனும் இரண்டு குழந்தையளும் அதாலை செத்துப்போச்சினம். குளிர்காயிற காஸ் அடுப்பின்ரை புகை போற வழி அடைபட்டிருந்தது. பிறகு 2013இலை அந்தக் குடும்பத்தின்ரை பேரிலையே, ஹோக்கின்ஸ் கினியாக் எண்டு, அலாரத்துக்குச் சட்டம் வந்தது. கராஜ் ஒட்டியிருக்கிற வீட்டுக்கும் அது பொருந்தும். கரி அடுப்பு, கார் இஞ்சின், கதவு திறந்திருக்குது எண்டாலும் உள்ளை வேண்டாம். அலாரம் அழுது எண்டு பற்றறியைக் கழட்டின ஆள் ஆர் எண்டு நான் கேக்கேல்லை, போட்டுவிடுங்கோ.

இன்னொண்டு. கராஜிலை இருந்து வீட்டுக்குள்ளை போற கதவு தானா மூடவேணும், அதுக்குத்தான் அந்தச் ஸ்பிறிங். காரின்ரை புகையும் பெற்றோல் மணமும் குசினிக்கு வராமல் நிக்கிறது அந்தக் கதவாலைதான். நீங்கள் வீட்டுச் சூட்டைக் கராஜுக்குப் பங்கு குடுக்கிறதுக்கு அதைத் திறந்துவிட்டுச் செருப்பு வைச்சு அணை குடுத்திருக்கிறியள். இப்பவே எடுங்கோ. எடுத்து இஞ்சாலை தாங்கோ, அது என்ரை செருப்பு. எத்தினை நாளாத் தேடுறன்!