மொதலாளி, மூட்டையக் கட்டலாங்களா?

ஏனுங்க என்.எஃப்.எல். டீமு மொதலாளிகளே, அமெரிக்காவுல இருந்து ஒரு ஃபுட்பால் டீமப் பேர்த்தெடுத்து லண்டன்ல நட்டுப்போடலாம்னு ரொம்ப வருஷமா ரோசனை பண்றீங்களாமா. பேரன் சொன்னானுங்க. நல்ல காரியம், பேஷாச் செய்யுங்க. நானு மக ஊட்டுக்கு வந்த கெழவன். வெம்பிளியில ஜன்னலோரமா உக்காந்து டீத்தண்ணி குடிச்சுட்டு, போறவன் வர்றவனப் பாத்துட்டிருக்கறேன். உங்க பண்ணையம் கோடிக்கணக்குல. என்ர பண்ணையம் மூணு ஏக்கரா. உங்களுக்கு நான் புத்தி சொல்றதாவதுங்க! ஆனாலும் வாய் சும்மா கெடக்க மாட்டீங்குது.

ஐப்பசி பொறந்தா எங்க பக்கம் நோம்பி களை கட்டிருதுங்க. உங்க டீமுக வந்து ஆடுற ஞாயித்துக்கெழமை, ரயிலடியில இருந்து ஸ்டேடியம் வரைக்கும் தலை தலையாத் தெரியுது. ஒரு தடவ பேரன் கூடப் போயி ரோட்டோரமா நின்னேன். புருசன் மேல க்ரீன் பே பச்சை, பொண்டாட்டி மேல டாலஸ் நட்சத்திரம், தோள்ல உக்காந்த பொடிசு மேல மயாமி மீனு. "இன்னிக்கு ஆடறது இதுல எது கண்ணு?"ன்னேன். "இதுல ஒண்ணுமே இல்ல அப்புச்சி"ன்னுட்டான்.

அதுக்குப் பேருதானுங்க ஒரம்பரை. மொத நாளு கோழியடிச்சுச் சோறு, ரண்டாம் நாளு பருப்பு, மூணாம் நாளு "பஸ்ஸு எத்தன மணிக்குங்க?" வருஷத்துக்கு ரண்டு மூணு ஆட்டம்னா ஜனம் அலைமோதத்தான் செய்யும். டிசம்பர்ல, தூறல்ல, சொந்த டீமு ஒம்பதாவது தடவ தோக்கறதப் பாக்க அந்தப் பச்சைச் சட்டைக்காரன் லண்டன் சட்டை மாத்திக்கிட்டு வருவானுங்களா? வருவானுங்க. நீங்க நம்புங்க.

இது மொதக் கண்ணாலமும் இல்லீங்களே. 1991-ல உலக லீக்குன்னு ஒண்ணு தொடங்குனீங்க. லண்டன் மோனார்க்ஸ் இதே வெம்பிளியில பார்சிலோனாவ 21-0-ன்னு அடிச்சுக் கோப்பையத் தூக்குச்சு. ஊரே கொண்டாடுச்சாமா. அப்புறம் குட்டி போட்ட பூனையாட்ட வெம்பிளி, ஒயிட் ஹார்ட் லேன், ஸ்டாம்ஃபோர்டு ப்ரிட்ஜுன்னு ஊடு மாறி, 1996-ல 'ஃப்ரிட்ஜு'ன்னு பட்டப்பேரு வெச்ச வில்லியம் பெர்ரியக் கூட்டியாந்து காட்டி, 1998-ஓட கதை முடிஞ்சுது. அந்த லீக்கும் 2007-ல கண்ண மூடுச்சு. கடேசியா இருந்த 6 டீமுல 5 ஜெர்மனியில. சீர் செனத்தி எல்லாம் எங்க போச்சுன்னு நான் கேக்கலீங்க.

அதே 2007-ல, அக்டோபர்ல, நெசமான ஆட்டத்தையே வெம்பிளிக்குக் கொண்டாந்தீங்க. ஜயண்ட்ஸ் 13, டால்ஃபின்ஸ் 10. அன்னிக்கு மழை. ஒவ்வொருத்தனும் எங்கூர்க் காளையாட்ட இருக்கறான். இத்தன பேரு அந்தப் புல்லு மேல உருண்டா வெள்ளாமை என்னத்துக்காகும்? மாசங்கூட ஆகலீங்க, அதே மண்ணுல இங்கிலாந்து க்ரொயேஷியாவோட கால்பந்து ஆடுச்சு. டிரா பண்ணுனாலே போதும், ஐரோப்பியக் கோப்பைக்குப் போயிரலாம். 3-2-ன்னு தோத்துப்போட்டாங்க. தோத்தவன் சும்மா இருப்பானுங்களா, புல்லக் கைகாட்டுனான். ஒரம்பரை வந்த ஊட்டுல பானை ஒடஞ்சாப்ல. இப்ப டாட்டனம் ஸ்டேடியத்துல பரவால்லீங்க, புல்லுத் தரை மூணு துண்டாப் பிரிஞ்சு கேலரிக்கு அடியில நவுந்துக்குது; உங்களுக்குன்னு அடியில தனியா செயற்கைத் தரை. பந்திக்குத் தனிப்பாய் விரிச்சாப்ல.

2015-ல டால்ஃபின்ஸ்காரங்களோட ஆட ஜெட்ஸ்காரங்க வந்தப்ப நடந்ததக் கேட்டுச் சிரிச்சுச் சிரிச்சு எனக்குப் பொறையேறிருச்சுங்க. லண்டன் கக்கூஸ் காகிதம் மெலிசு, நம்ம பசங்களுக்கு ஒத்து வராதுன்னு 350 உருண்டை கட்டியெடுத்துட்டு வந்தாங்களாமா! என்ன முன்யோசனை பாருங்க. 27-14-ன்னு ஜெயிச்சும் போட்டாங்க; தோத்த டால்ஃபின்ஸ் கோச்சுக்கு மறாநாளே வேலை போச்சு. ஒரு ஆட்டத்துக்கு 350-ன்னா வருஷம் பூராவுக்கு எத்தனைன்னு பேரனக் கணக்குப் போடச் சொல்லியிருக்கறேன். கப்பல் ஒண்ணு பேசி வெச்சுக்கறது நல்லதுங்க.

காகிதத்த வுடுங்க. ஞாயித்துக்கெழமை ஒருத்தனுக்கு மொழங்கால் போச்சுன்னு வெச்சுக்குங்க. உங்கூர்ல செவ்வாக்கெழமை நாலு பேரக் கூப்புட்டு ஓடவுட்டுப் பாத்து, புடிச்சவனச் சேத்துக்குவீங்க. லண்டன் டீமுக்கு அவன் கடல் தாண்டி வரோணும், வேலை செய்ய விசா வேணும். எனக்கு விசா வர்றதுக்குள்ள எங்கூட்டு எருமை கன்னு போட்டுருச்சுங்க. நீங்க பெரிய எடம், சீக்கிரம் குடுப்பாங்க.

சம்பளக் கதை இன்னும் ருசி. எல்லா டீமுக்கும் சம்பள உச்சவரம்பு ஒண்ணேதான். ஃப்ளோரிடாவுலயும் டெக்ஸாஸ்லயும் மாநில வருமான வரியே கெடையாது. இங்க பெரிய சம்பளத்துல மேல்படிக்கு 45 சதம். அதே காசுக்கு அலபாமாப் பையன் மயாமி வெயில வுட்டுப்போட்டு இந்தத் தூறலுக்கு வரோணும். புதுப் பசங்கள டீமுக பங்கு பிரிச்சுக்கற ட்ராஃப்டுல பேரு சொல்லீட்டா அவனுக்கு வேற வழியில்ல, வருவான். ஒப்பந்தம் முடிஞ்ச அன்னிக்குப் பொட்டி கட்டிருவான்.

லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் லண்டனுக்கும் 8 மணி நேர வித்தியாசம், ஏறக்குறைய 11 மணி நேரம் பிளேன்ல. உங்க திங்கக்கெழமை ராத்திரி ஆட்டம் அமெரிக்கக் கெழக்குக் கரை மணிக்கு 8:15-க்குத் தொடங்குனா இங்க விடியக்காலம் 1:15. அந்நேரத்துக்குக் கோட்டான்தான் கைதட்டும். அதனால மூணு வாரம் இங்க, மூணு வாரம் அங்கன்னு தங்கி ஆடலாம்னு ஒரு யோசனையாமா. எங்கூர்ல அதக் குடித்தனம்னு சொல்றதில்லீங்க, ஆட்டுப்பட்டி போடறதும்பாங்க.

போறதுக்குத் தோதான ஆளுன்னு எல்லாரும் ஜாக்சன்வில் டீமு மொதலாளி ஷாகித் கானத்தான் பாத்தாங்க. பாகிஸ்தான்ல பொறந்தவரு, லண்டன் ஃபுல்லம் கால்பந்து க்ளப்பும் அவருதுதான். 2013-ல இருந்து கொரோனா வருஷம் போக வருஷா வருஷம் இங்க வந்துட்டாரு. அந்தூர் ஜனத்துக்குச் சொந்த ஊரு ஆட்டத்துல ஒண்ணு கொறஞ்சுது. 2018-ல இந்த வெம்பிளியவே 60 கோடி பவுண்டுக்குக் கேட்டு, அப்புறம் வேண்டாம்னுட்டாரு. கடேசியில என்னாச்சு? 2024-ல ஜாக்சன்வில் நகரம் 77.5 கோடி டாலர் போட, அங்கத்த ஸ்டேடியத்தையே புதுசு பண்ணி 30 வருஷத்துக்கு எழுதிக் குடுத்துட்டாரு. புத்திசாலிங்க. பொண்ணு பாக்க லண்டன், தாலி கட்ட ஜாக்சன்வில்.

ஒரு டீமு எடம் மாறோணும்னா உங்க 32 ஓட்டுல 24 வேணுமாமா. "லண்டன்ல ஒரு டீம் வெக்கலாமா?"ன்னு கேட்டா 32 கையும் தூக்குவீங்க, எனக்குச் சந்தேகமே இல்லீங்க. "யாரு டீமு?"ன்னு கேக்கறப்பத்தான் ஆளாளுக்கு ஷூ லேஸு அவுந்து போயிருது.

சரிங்க, டீத்தண்ணி ஆறுது. ஒருவேளை நெசமாவே குடிவர்றதா இருந்தா ஒரு வாரத்துக்கு முன்னயே சொல்லியுடுங்க. எங்க தெருமுக்குக் கடையில கெட்டிக் காகிதம் விக்கறாங்க. 350 வேண்டாம், மொதல்ல ஒரு கட்டு வாங்கி வெக்கறேன்.