மாருதி ஆம்னி என்னும் தொல்பொருள்: மலிவு விலைக் கொள்முதல் குறித்து ஒரு கல்வெட்டியல் நோக்கு

மாருதி ஆம்னி 1984இல் தோன்றி 2019இல் மறைந்தது. தொல்பொருள் ஒன்றுக்கு இவ்வளவு துல்லியமான கால எல்லை அமைவது அரிது. சங்ககாலத்துக்கே இந்தக் கொடுப்பினை இல்லை. முதலில் வெறும் ‘மாருதி வேன்’ என்று உலவி, 1988இல் ஆம்னி எனப் பட்டம் சூடியது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், மாருதி 800 காரில் இருந்த அதே இன்ஜின், நான்கு கியர். மூக்கே இல்லாத முகம். ஓட்டுநரின் முழங்காலுக்கும் எதிரே வரும் லாரிக்கும் நடுவில் தகரம், ஹெட்லைட், குலதெய்வம் ஆகிய மூவர் மட்டுமே காவல். புதிய மோதல் சோதனை விதிகள் வந்தபோது இம்மூவரும் தேற மாட்டார்கள் என்று கண்டு கம்பெனியே உற்பத்தியை நிறுத்திக்கொண்டது.

நிறுத்தினாலும் தேவை நிற்கவில்லை. சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர், மைக் செட்காரர், கடை கடையாக இட்லி மாவு போடுபவர், நர்சரிக்காரர் எனப் பலரும் இன்னும் இதைத்தான் தேடுகிறார்கள். தமிழ் சினிமாவில் ஆள் கடத்துவோரும் தேடினார்கள். அவர்களுக்குத் தயாரிப்பாளர் வாங்கிக் கொடுத்துவிடுவதால் இந்த ஆய்வு அவர்களுக்குப் பயன்படாது. நம் எல்லை, கையில் ஒரு லட்சம் ரூபாய் மட்டும் உள்ளவர். இரண்டு லட்சத்துக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கு ஈகோ உண்டு. 2010இல் மாருதி கொண்டுவந்த வண்டியைச் சொல்கிறேன்.

மெய்க்கீர்த்தி

முதலாம் இராசராசன் காலம் தொட்டு, சோழர் கல்வெட்டுகளின் தலைப்பில் மெய்க்கீர்த்தி வைப்பது மரபாயிற்று. மன்னன் வென்ற நாடுகளையெல்லாம் அடுக்கி முடித்த பிறகே, எந்தக் கோயில் விளக்குக்கு எத்தனை ஆடு என்ற விஷயத்துக்கு வருவார்கள். பழைய வண்டி வணிகத்தில் இந்த முதற்பகுதியை ஓதும் உரிமை புரோக்கருக்கு உண்டு. ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் வழங்கும் பாடம் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

“டாக்டர் வண்டிங்க சார். அவரு ஒருத்தரே ஓட்டுனது, வேற கை படலைங்க. மாசத்துக்கு ஒருக்கா பழனிக்குப் போயிட்டு வருவாரு, மத்த நாளெல்லாம் ஷெட்டுலதானுங்க நிக்கும். சின்னச் சின்ன வேலை இருக்குது. அதைப் பார்த்துட்டீங்கன்னா அப்புறம் தொடவே வேண்டாமுங்க.”

இதில் முதல் தொடர் எல்லா ஊர்ப் பாடங்களிலும் மாறாமல் இருப்பது கவனிக்கத்தக்கது. சந்தைக்கு வரும் ஆம்னிகள் அத்தனையும் டாக்டர்கள் ஓட்டியவை என்றால், தொண்ணூறுகளில் நம் ஊர் ஆஸ்பத்திரி வாசல்கள் எல்லாம் வேன் ஸ்டாண்டாகக் காட்சியளித்திருக்க வேண்டும். ‘டாக்டர்’ என்பதைக் கால்நடை மருத்துவர், பல் மருத்துவர், ஹோமியோபதி, கம்பவுண்டர் வரை விரித்துப் பொருள் கொண்டாலும் கணக்கு உதைக்கிறது. ‘சின்ன வேலை’யோ இன்னும் சிக்கலானது. வைப்பர் பிளேடு மாற்றுவதும் அதில் அடங்கும். இன்ஜினை இறக்கி ரிங் மாற்றுவதும் அதில் அடங்கும். பழனி மட்டும் உண்மையாக இருக்கலாம். வண்டி எங்காவது போயிருக்கத்தானே வேண்டும்.

மெய்க்கீர்த்தியைப் படிக்கும் வரலாற்றாசிரியர், மன்னன் எத்தனை நாடு வென்றான் என்று மயங்குவதில்லை. அவர் கண் தேடுவது ஆட்சியாண்டை. நாமும் அப்படியே, “எந்த வருசம்? எத்தனையாவது ஓனர்? எஃப்.சி. எது வரைக்கும்?” என்று மூன்றை மட்டும் கேட்க வேண்டும். இந்த இடத்தில் பெரும்பாலும் டீ சொல்லப்படும். டீயைக் குடித்துவிட்டு மறுபடியும் அதே மூன்றைக் கேட்க வேண்டும்.

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வால் நல்ல வண்டிகள் சந்தையை விட்டே விலகிவிடும் என்பது அதன் சாரம். அந்தத் துறையில் செய்த ஆய்வுகளுக்காக 2001இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. கொங்கு நாட்டுக் களத்தில் இக்கோட்பாட்டைச் சற்றே திருத்த வேண்டியுள்ளது. இங்கே ஐந்தாவது ஓனராக வண்டியை வைத்திருந்து விற்பவருக்கும் ஒன்றும் தெரியாது. தெரிந்தவர் ஒரே ஒருவர், அந்த வண்டிக்கு வேலை பார்த்த மெக்கானிக். அவரிடம் கேட்டால், “அண்ணா, எடுக்கறதுன்னா எடுங்க” என்பார். இந்த வாக்கியத்துக்கு ‘எடுக்காதீர்கள்’ என்பதே பொருள் என உரைகாரர்கள் ஒருமுகமாகக் கொள்வர்.

களஆய்வு

ஆம்னியின் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சித்திரை வெயிலில் இந்த அமைப்பு ஓட்டுநரின் தொடைக்குச் செய்யும் கொடுமை தனி நூலுக்குரியது. வாங்குபவருக்கு மட்டும் இது வரப்பிரசாதம். சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே காலையில் போய்ச் சேர வேண்டும். வணக்கம் சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து முன்சீட்டில் உட்கார்ந்துவிட வேண்டும். சீட்டு சில்லென்று இருந்தால் வண்டி இரவு முழுக்க நின்றிருக்கிறது. வெதுவெதுப்பாக இருந்தால், நாம் வருவதற்கு முன் யாரோ தள்ளியோ கெஞ்சியோ ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருக்கிறார்கள். சூடான இன்ஜின் எல்லாருக்கும் நல்ல பிள்ளை. ஆறிய இன்ஜினிடம்தான் விசாரிக்க வேண்டும். வேறெந்தக் காரிலும் பானெட்டைத் தொட்டுப் பார்த்து அசடு வழிய வேண்டியிருக்கும். இங்கே உட்கார்ந்தாலே போதும்.

ஸ்டார்ட் ஆனதும் பின்னால் போய்ப் புகையைப் பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ரிங் அல்லது வால்வு சீல் போயிருக்கிறது. விடாமல் வெள்ளைப் புகை வந்து, ஆயில் மூடியின் உள்பக்கம் பால் காபி நிறத்தில் இருந்தால் ஹெட் கேஸ்கட் வழியே தண்ணீர் கலக்கிறது. கறுப்புப் புகைக்கு அஞ்ச வேண்டாம்; பழைய கார்புரேட்டர் வண்டிகளில் அது பெரும்பாலும் டியூனிங் கோளாறு. இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைக் கழற்றி உள்ளங்கையை மேலே காட்ட வேண்டும். காற்று கையைத் தள்ளினால், “பேக் கம்ப்ரஷன் அடிக்குது” என்பார் மெக்கானிக். அதற்கு மேல் அவர் பேசாமல் நம் முகத்தைப் பார்ப்பார்.

இனி இடைச்செருகல். சுவடிகளில் பிற்காலத்தார் தம் பாட்டைப் புகுத்துவதுபோல, வண்டித் தகரத்தில் பிற்காலத்தார் பட்டி புகுத்துவர். மேலே பெயின்ட் அடித்துவிட்டால் எது மூலம், எது இடைச்செருகல் என்று கண்ணுக்குத் தெரியாது. இதற்கான ஆய்வுக் கருவி, வீட்டு பிரிட்ஜ் கதவில் கீரை வியாபாரியின் போன் நம்பரைப் பிடித்துக்கொண்டிருக்கும் காந்தம். அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். தகரம் இருக்கும் இடத்தில் ஒட்டும். பட்டி கனமாகப் பூசிய இடத்தில் வழுக்கி விழும். ஸ்லைடிங் டோர் ஓடும் பட்டைக்குக் கீழே, சக்கர வளைவுகளில், முன்கண்ணாடியின் அடி ஓரத்தில் கட்டாயம் வைத்துப் பார்க்க வேண்டும். காந்தம் விழுந்த சத்தம் கேட்டு புரோக்கர், “அது லேசா டச்சப் பண்ணுனதுங்க” என்பார்.

பின்னால் ரப்பர் மேட்டைத் தூக்குங்கள். கீழே புத்தம்புது பிளைவுட் பலகை அழகாக வெட்டிப் போடப்பட்டிருந்தால் உடனே மகிழ வேண்டாம். பலகையையும் தூக்குங்கள். அதன் கீழே தார்ச்சாலை தெரிந்தால், அதுவும் விலையில் அடக்கம் என்று கொள்ளக் கூடாது; அது நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம்.

ஸ்லைடிங் டோரைப் பாதி திறந்து இரு கையாலும் மேலே தூக்கிப் பார்க்கலாம். ரோலர் தேய்ந்திருந்தால் தொங்கும். ஓட்டத்தில் அந்தக் கதவு தானாகத் திறந்துகொள்ளும் பழக்கமுள்ள வண்டிகளும் உண்டு. கடத்தல் தொழிலில் மட்டுமே அதற்குப் பயன் இருக்க முடியும்.

மூன்று பள்ளிகள்

பட்ஜெட் குறைவாக உள்ளவர் எதற்கு முதலிடம் தர வேண்டும் என்பதில் அறிஞர்கள் மூன்றாகப் பிரிகிறார்கள். இன்ஜின்வாதிகள், சத்தம் நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் மாயை என்பர். பாடிவாதிகள், தகரமே மெய், இன்ஜின் வரும் போகும் என்பர். இந்த இரண்டில் பாடிவாதிகளின் கட்சியே வலுவானது. மாருதி 800இன் அதே இன்ஜின் என்பதால் உதிரி பாகங்களுக்குப் பஞ்சமில்லை. சென்னைப் புதுப்பேட்டையில் முழு இன்ஜினே வாங்கலாம். எந்த ஊர் வேப்பமரத்தடி மெக்கானிக்குக்கும் இதன் உள்ளும் புறமும் மனப்பாடம். டிங்கர் வேலை அப்படியல்ல. ஓர் ஓட்டையை அடைக்கப் பற்றவைத்தால் சூட்டில் பக்கத்துத் தகரம் உதிரும். அதை வெட்டினால் அதற்கடுத்தது. பட்டறையில் விட்ட வண்டி அடுத்த தீபாவளிக்கு வரும். எந்த தீபாவளி என்று கேட்பது மரபன்று.

மூன்றாவது, பேப்பர்வாதிகள். இவர்களைப் பொதுவாக யாரும் மதிப்பதில்லை. வண்டியைச் சுற்றி ஐந்து பேர் டயரை உதைத்துக்கொண்டிருக்கும்போது, இவர்கள் ஓரமாக நின்று பிளாஸ்டிக் கவரைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் இன்ஜின் கெட்டால் புதுப்பேட்டை உண்டு. தரை கெட்டால் பட்டறை உண்டு. பேப்பர் கெட்டால் எங்கே போவது? இக்கட்டுரை அவர்கள் பக்கமே.

எழுத்துச் சான்று

நம்பர் பிளேட் என்பது சுவடி கிடைத்த இடத்தைச் சொல்லும் குறிப்பு. டி.என். 43 நீலகிரி, மலை ஏறி இறங்கிய கிளட்சையும் பிரேக்கையும் நன்றாகப் பார்க்க வேண்டும். டி.என். 69 தூத்துக்குடி, டி.என். 65 ராமநாதபுரம், டி.என். 51 நாகப்பட்டினம் ஆகியவை உப்புக்காற்று மண்டலம். இரண்டு காந்தங்களோடு போகலாம். பி.ஒய்., கே.எல். என்றிருந்தால் அங்கே என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டிப் புது நம்பர் எடுக்க வேண்டும். விலை குறைவாகத் தெரிந்ததன் காரணம் அப்போது விளங்கும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். “பட்டன் அப்படியே இருக்குது பாருங்க” என்று காட்டப்படும் டயர்கள் பலவும் ஓடாமலே கிழடு தட்டியவை.

சேஸ் நம்பர்மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுப்பது ஆர்.டி.ஓ. ஆபீஸ் வழக்கம். 1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக நியமனம் பெற்ற ஜெர்மானியர் ஹுல்ஷ் இருந்திருந்தால் பென்சிலைப் பார்த்து முகம் சுளித்திருப்பார். நமக்கு அது போதும். படியில் விழுந்த எண்ணை ஆர்.சி.யோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பார்க்க வேண்டும். எண்கள் வரிசை கோணி நின்றாலோ, அந்த இடம் மட்டும் அரம் போட்டதுபோல் பளபளத்தாலோ டீயைக்கூட முடிக்காமல் கிளம்பிவிடலாம்.

ஆர்.சி.யே நம் மூலநூல். சொந்த உபயோக வண்டிக்கு அது 15 ஆண்டு செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். கடைசியாகப் பிறந்த ஆம்னிக்கே 2034இல் இந்த 15 முடிந்துவிடும். 15 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கியது. 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கியது. மாநிலத்தின் பசுமை வரி தனி. எஃப்.சி. முடியச் சில மாதம் இருக்கும்போது வண்டி திடீரென்று மலிவாவதன் தத்துவம் இதுதான். மஞ்சள் போர்டு வண்டி என்றால் எட்டாண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். கேஸ் கிட் பொருத்தியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் ஏறியிருந்தால் அவர்களுடைய என்.ஓ.சி.யும் படிவம் 35உம் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்கலாகாது. இதில் பெரும்பகுதியை எம்பரிவாஹன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டே பார்த்துவிடலாம். அரசே இந்த மூலநூலுக்கு மின்பதிப்புக் கொண்டுவந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது, புரோக்கருக்குத் தெரியும்.

பெரிய பிரச்சினை ஒன்று மிச்சம். பல ஆம்னிகளில் ஆர்.சி.யில் உள்ள பெயருக்கும் எதிரே நிற்கும் ஆளுக்கும் சம்பந்தமே இருப்பதில்லை. நடுவில் மூன்று பேர் கைமாறியிருப்பார்கள். எவரும் பெயர் மாற்றவில்லை. கையெழுத்து மட்டும் போட்ட காலிப் படிவங்கள் 29, 30 கவரோடு கூடவே பயணம் செய்து வந்திருக்கும். “ஓனர் துபாய்ல இருக்காருங்க, ஒண்ணும் பிரச்சினை இல்லைங்க” என்பார்கள். பிரச்சினை உண்டு. ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். விபத்து நேர்ந்தால், வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. துபாய்க்காரர் இதைப் படித்தால் அடுத்த விமானத்தில் வந்து கையெழுத்துப் போடுவார்.

ஆகவே வாசகர் ஒன்று செய்ய வேண்டும். பேரம் படிந்ததும் மொத்தப் பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிடாமல், பத்தாயிரத்தை மட்டும் நிறுத்தி வையுங்கள். விற்பவர் கோபித்துக்கொள்வார், புரோக்கர் தன் தாயின் மேல் ஆணையிடுவார். ஆர்.சி.யில் உங்கள் பெயர் வந்த அன்று அதைக் கொடுங்கள்.