புள்ளியும் நட்சத்திரமும்

புள்ளி, நட்சத்திரம், கேள்விக்குறி, டாலர்… உரைக்குள் தேட எழுதும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற பெயரில் புரோகிராமர்கள் யாரைத் திட்டுகிறார்கள்?

திட்டுவது அவர்களல்ல, பிறகு அதைத் திருத்த வருகிறவர்.

புள்ளிக்குப் பின்னால் நட்சத்திரம் போட்டால் 'எது வேண்டுமானாலும், எத்தனை வேண்டுமானாலும்' என்று பொருள். கல்யாணப் பந்தியில்கூட யாரும் அப்படிச் சொல்வதில்லை! 2019 ஜூலை 2 அன்று பல இணையதளங்களுக்குக் காவல் நிற்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் ஒரு பாதுகாப்பு விதியில் இந்த ஜோடி அடுத்தடுத்து இரண்டு முறை வந்தது. எந்த எழுத்து யார் பங்கு என்று எல்லா விதமாகவும் பிரித்துப் பார்த்தே சர்வர்கள் திணறின. ஏராளமான இணையதளங்கள் 27 நிமிடம் முடங்கின.

இத்தனைக்கும், வந்த வழியே திரும்பாமல் ஒரே போக்கில் தேடும் முறையை கணினி விஞ்ஞானி கென் தாம்சன் 1968-லேயே எழுதிவிட்டார். கோ என்ற புரோகிராமிங் மொழி அந்த வழியில்தான் தேடுகிறது.