நூறு நாள் புருஷன்

வன்னியம்பட்டிப் பக்கம் 'நூறு நாள்' என்றால் கண்மாய்க்கரையும் மண்வெட்டியும்தான் நினைவுக்கு வரும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்கு மட்டும் அது இரட்டிப்பு யோகம். அக்காவுக்கு நூறு நாள் வேலை. படையில் இருக்கும் அக்கா வீட்டுக்காரருக்கு நூறு நாள் வீடு. சி.ஆர்.பி.எஃப். உள்ளிட்ட மத்திய ஆயுதக் காவல் படையினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 100 நாள் குடும்பத்தோடு இருக்க ஏற்பாடு செய்யப்படும் என்று 2019-ல் உள்துறை அமைச்சர் அமித் ஷா அறிவித்தார். அந்த வீட்டில் இரண்டு நூறும் முழுசாக வந்து சேர்ந்ததில்லை. மண்வெட்டி வேலைக்காவது வருகைப் பதிவேடு உண்டு.

போன ஆடிப்பூரத் தேருக்கு அவர் லீவில் வந்தார். ராஜபாளையம் நாய்க்கு வீட்டு ஆளைத் தவிர வேறு யாரையும் ஆகாது என்பது ஊரறிந்த பெருமை. அந்தப் பெருமைக்குப் பங்கம் வராமல், அக்கா வீட்டு நாய் வாசலிலேயே அவரை மறித்துக் குரைத்தது. "ஏய், நம்ம வீட்டு ஆளு!" என்று அக்கா சங்கிலியைப் பிடித்து இழுத்தார். நாயை என்ன சொல்வது? நாலு வயது மகள் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்று, "செல்லுக்குள்ள இருக்க அப்பாவா?" என்று கேட்டாள்.

செல்லுக்குள் இருக்கும் அப்பா சும்மா இருப்பதில்லை. காஷ்மீர், சத்தீஸ்கர், 2023 மே மாதத்திலிருந்து மணிப்பூர் என்று படை ஓடிக்கொண்டே இருக்கிறது. நடுவில் தேர்தல். 2024-ல் நமக்கு ஏப்ரல் 19 ஒரே நாளில் ஓட்டு முடிந்தது. விரலைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டோம். நாட்டுக்கு ஏழு கட்டம், ஜூன் 1 வரை. தீபாவளியும் பொங்கலும் தவறினாலும் ஜனநாயகத் திருவிழா மட்டும் அவருக்குத் தவறுவதே இல்லை.

2018 முதல் 2022 வரை ஐந்தாண்டில் இந்தப் படைகளில் 654 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அரசே நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த கணக்கு இது. வைத்தியமும் அரசிடம் இருக்கிறது: யோகா, தியானம், வாழும் கலை வகுப்பு. மூச்சு விடச் சொல்லித் தருகிறார்கள். லீவு மட்டும் விட மாட்டார்கள்.

ஊருக்கு இவரும் 'மிலிட்டரி'தான். வித்தியாசம் தெரிந்தது டெல்லிக்கு மட்டும், அதுவும் பென்ஷன் பேச்சு வரும்போது. ராணுவத்துக்குப் பழைய ஓய்வூதியம் உண்டு. 2004-க்குப் பின் சேர்ந்த இவர்களுக்குக் கிடையாது. இவர்களும் ஒன்றியத்தின் ஆயுதப்படைதான், கொடுங்கள் என்று 2023 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. உச்ச நீதிமன்றம் வரை ஓடிப்போய்த் தடை வாங்கிவிட்டுத்தான் அரசு உட்கார்ந்தது. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் இறந்த 40 பேரும் சி.ஆர்.பி.எஃப்.தான், அந்த வண்டிகளில் வந்தவர்களில் பலர் லீவு முடிந்து திரும்பிக்கொண்டிருந்தவர்கள். அன்றைக்கு மேடையில் மைக் பிடித்த ஒருவரும், 'இவர்கள் வேறு, ராணுவம் வேறு' என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

தேர் முடிந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இரண்டு கிலோவைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு அவர் ரயிலேறிவிட்டார். முகாமில் எல்லோரும் கேட்பார்களாம். நாய் அப்போதுதான் அவரிடம் பழகத் தொடங்கியிருந்தது.

அவர் வீட்டில் இருக்கும் நாள்களை அக்கா காலண்டரில் பேனாவால் வட்டமிட்டு வைப்பார். போன வருஷத்துக் காலண்டரை எடுத்து எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று. அமைச்சர் அவர்களே, மீதி ஐம்பத்தொன்பது நாளை எந்த ஆபீசில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும், ஆதார் அட்டை ஜெராக்ஸ் போதுமா என்று அக்கா கேட்கச் சொன்னார்.

கேட்டுவிட்டேன்.