டேப்பும் கையுமாக

ஓடைக்கரையில் வீடு வாங்கியவருக்கு முதல் கோடைக்குள் ஒரு பேட்டியோ, அதாவது கல் பாவிய பின்முற்றம், போட்டாக வேண்டும். அட்லாண்டாவுக்கு வடக்கே, அல்ஃபரெட்டா, ஜான்ஸ் க்ரீக் பக்கம் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். நம்மவர், வெள்ளைக்காரர் என்ற பேதமெல்லாம் இதில் கிடையாது. இவர் டேப் பிடிக்கும் அழகே தனி. ஓடையிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கட்டுகிறோம் என்பதுதானே சட்டத்தின் கேள்வி? ஓடை எங்கே தொடங்குகிறது என்பதை இவரே தீர்மானித்துக்கொள்வார். மழை பெய்து வாரக்கணக்காகி, தண்ணீர் நூல்போல ஓடும் நாளாகப் பார்த்து, அந்த நூலுக்கும் அக்கரையில் டேப்பின் கொக்கியை மாட்டுவார். பிறகு சரிவில் தரையோடு தரையாக, மேடு பள்ளம் ஒன்றையும் விடாமல் டேப்பைப் படுக்கவைத்து இழுத்து வந்து, "எண்பது அடி!" என்று வீட்டுக்குள் குரல் கொடுப்பார். ஜார்ஜியா சட்டமோ, ஓடும் நீர் செடிகொடியை அரித்தெடுத்த விளிம்பிலிருந்து, அதுவும் கிடைமட்டமாக அளக்கச் சொல்கிறது. அப்படி அளந்தால் அறுபது தேறுவதே சந்தேகம். மாநிலம் கேட்பது 25 அடிதான். ஆனால் அட்லாண்டாவைச் சுற்றியுள்ள நகராட்சிகளும் கவுண்டிகளும் பெரும்பாலும் 50 அடியைத் தொடாமல் விடச் சொல்கின்றன. அதற்கப்பால் இன்னொரு 25 அடிக்கு நீர் இறங்காத தளம் கூடாது என்கின்றன.

நாலு கல்லைப் பாவினால் ஓடை செத்தா போகும் என்று கேட்பார். நியாயமான கேள்விதான். ஒரு பேட்டியோவால் சாகாது. ஆனால் தெருவுக்கு ஒன்று என்று கூட்டிப் பார்க்க வேண்டும். மரத்தடியில் மெல்ல ஊறவேண்டிய மழை கல்மேல் வழிந்து ஓடையில் மொத்தமாக விழுகிறது. ஓடை திமிறிக் கரையை அறுக்கிறது. பிடித்துக்கொள்ள வேரில்லாத செம்மண் கரைந்து போகிறது. "கல்லுக்கு நடுவே இடைவெளி விட்டிருக்கிறேனே!" விட்டிருக்கிறார், அதற்கடியில் மண்ணை மெஷின் வைத்துக் கெட்டிப்படுத்தியதை மட்டும் சொல்லமாட்டார். "என் நிலம், என் பணம்" என்பதையும் மறுப்பதற்கில்லை. தண்ணீர் அவருடையது இல்லையே! அல்ஃபரெட்டா வழியே ஓடும் பிக் க்ரீக்கிலிருந்துதான் பக்கத்து ரோஸ்வெல் நகரம் குடிதண்ணீர் எடுக்கிறது. இவர் வீட்டுச் சேற்றை வடிகட்டும் செலவு அந்த ஊர்க்காரர்கள் தலையில்.

விதிவிலக்கு கேட்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. வரைபடத்தோடு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். இவரும் விண்ணப்பிப்பார், கல் பாவி, நாற்காலி போட்டு, விருந்தும் முடிந்த பிறகு.