பீப் போட்டால் தீட்டுக் கழிந்தது

வானொலி அலைக்குத் தமிழக–கேரள எல்லையின் களியக்காவிளை சோதனைச்சாவடி தெரியாது. 1956-ல் கோடு கிழித்து நெய்யாற்றின்கரையைக் கேரளத்திலேயே விட்டுவிட்டார்கள். பாறசாலை, கோட்டுகால் பக்கத்து வீடுகளில் தமிழ்ப் பாட்டும் எங்களோடு தங்கிவிட்டது. 1984-ல் நாகர்கோவிலில் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் வந்தது. பிறகு கேபிள், அப்புறம் டிஷ். இன்றைக்கு ஒரே ரிமோட்டில் மலையாள மானமும் வருகிறது, தமிழ்ப் பண்பாடும் வருகிறது. இரண்டையும் ஒருசேரப் பார்த்துத் தொலைக்கிறவர்கள் என்ற தகுதியில், ஒலிபரப்பாளர்களின் ஒழுக்கத்துக்கு ஒரு பாராட்டு விழா எடுக்கும் கடமை எங்களுக்குத்தான் உண்டு.

முதல் மாலை பி.வி. கேஸ்கருக்கு. 1952-ல் செய்தி ஒலிபரப்பு அமைச்சரானவர், சினிமாப் பாட்டு மலிவுச் சரக்கு என்று ஆகாசவாணியிலிருந்து அதை விரட்டினார். நாடு கர்நாடக சங்கீதம் கேட்டு உய்ந்ததா? வானொலி முள்ளைச் சிலோனுக்குத் திருப்பியது. பற்பசை விளம்பரத்தையும் சேர்த்துக் கேட்டது. 1957-ல் விவித பாரதி என்று பேர் சூட்டி, துரத்தியதை அரசே அழைத்துவந்து நடுவீட்டில் உட்காரவைத்தது. 1993-ல் ‘கல்நாயக்’ படத்தின் ரவிக்கைப் பாட்டைத் தூர்தர்ஷனும் ஆகாசவாணியும் ஒதுக்கிவைத்தன. அது பாடாத கல்யாண வீடு இல்லை. வெள்ளைக்காரனும் இதில் குறைந்தவன் அல்லன்: 1984-ல் ‘ரிலாக்ஸ்’ என்ற பாட்டை பிபிசி தடுத்தது, அது ஐந்து வாரம் பிரிட்டனின் முதலிடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. இத்தனை சல்லிசாக விளம்பரம் வேறெங்கே கிடைக்கும்?

ஆனாலும் அதெல்லாம் பழைய பாணி. நம்முடைய கண்டுபிடிப்பு 2015 டிசம்பரில் வந்தது. சென்னையில் வெள்ளம் வடிந்து வீட்டுக்குள் சேறுகூடக் காயவில்லை. சிலம்பரசன் குரலில் ஒரு பாட்டு இணையத்தில் கிளம்பியது. பெண்ணின் உறுப்பைச் சொல்லித் திட்டும் தெருச்சொல், அதன்மேல் ஒரு ‘பீப்’. அதுவரை பீப் போடுவது தொலைக்காட்சிக்காரரின் உத்தியோகம். இந்தப் பாட்டோ பிறக்கும்போதே பீப்போடு பிறந்தது. கத்தரி வைத்த இடமே பல்லவியாகி, மூடிய துணியே தாளம் போட்டது. யாரோ திருடி வெளியிட்டார்கள் என்றார் பாடியவர். இசை அனிருத் என்று பேச்சு அடிபட்டது. எனக்குச் சம்பந்தமே இல்லை என்றார் அவர். ஆக, பெற்றவர் இல்லாத பிள்ளை.

தத்தெடுக்கச் செய்திச் சேனல்கள் வரிசையில் நின்றன. கேளுங்கள் இந்தக் கொடுமையை என்று ஒருமுறை போட்டார்கள். சரியாகக் கேட்டீர்களா என்று மறுமுறை. இடையில் நகைக்கடை விளம்பரம். நிவாரணப் பொட்டலத்துக்குக் கை நீட்டிய பெண்ணின் முகம் திரையின் ஒரு மூலைக்குச் சுருங்கியது. அந்தப் பெண்ணை, அவள் தாயை, மகளை ஒற்றை உறுப்பாக்கிய பாட்டு மீதி இடத்தை எடுத்துக்கொண்டது. விவாத மேடையில் நாலு ஆண்கள் உட்கார்ந்து பெண்ணின் மானத்தைத் தராசில் நிறுத்தார்கள். வெள்ள நிவாரணத் தொண்டர்களுக்கு நடந்த விழாவில் இளையராஜாவிடம் போய் மைக்கை நீட்டி இந்தப் பாட்டைப் பற்றிக் கேட்டார் ஒரு நிருபர். அறிவிருக்கிறதா என்று அவர் சீறினார். அவ்வளவுதான்! பாட்டு போயிற்று, வெள்ளம் போயிற்று, பெண் எப்போதோ போயிருந்தாள். ராஜா கோபப்படலாமா கூடாதா என்பதே நாட்டின் தலையாய கேள்வியானது.

காவல் நிலையப் படியேறிப் புகார் கொடுத்தது யார்? கோவையில் ஜனநாயக மாதர் சங்கத்துப் பெண்கள். ஒழுக்கத்தைப் பற்றி இராப்பகலாகத் தொண்டை கிழிந்த சேனல்களுக்கு அந்தப் படி உயரமாக இருந்திருக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. கேபிள் தொலைக்காட்சி விதிகள் 1994-லிருந்தே இருக்கின்றன. ஆபாசம் கூடாது, பெண்ணை இழிவுபடுத்தக் கூடாது என்று அழகாக எழுதியிருக்கிறது. தனியார் எஃப்.எம்.களும் ஆகாசவாணியின் விதிமுறைக்குக் கட்டுப்பட்டவை. 2022-ல் டெல்லிக்கு ஒரு ஞானோதயம் வந்து, மதுவை, போதையை, துப்பாக்கியைப் போற்றும் பாட்டுகளைப் போடாதே என்று எஃப்.எம்.களுக்குத் தனியாகத் தாக்கீது அனுப்பினார்கள். பெண்ணை வேட்டைப் பொருளாக்கும் பாட்டுக்குத் தனித் தாக்கீது தேவைப்படவில்லை போலும். அதுதான் ஏற்கெனவே தாளில் தூங்குகிறதே.

இதைவிட எரிகிற இடம் ஒன்று உண்டு. பெரியவர்கள் பாடினால் குலுக்கல் பாட்டு. அதற்கே ஏழு வயதுப் பிள்ளையை ஜிகினா சட்டையில் தொலைக்காட்சிப் போட்டியில் ஆடவைத்தால் திறமை. நடுவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், பெற்றவர்கள் கீழே நின்று கைதட்டுகிறார்கள். பிள்ளைகளை வயதுக்கு ஒவ்வாத அசைவுகளோடு காட்டாதீர்கள் என்று 2019 ஜூனில் மத்திய அமைச்சகமே சேனல்களுக்கு எழுதவேண்டி வந்தது. பெரிய மனிதர்களுக்கு இதை ஒருவர் எழுதிச் சொல்லவேண்டியிருக்கிறது, பாருங்கள்.

காலையில் களியக்காவிளை பஸ்ஸில் கல்லூரிக்குப் போகிற பெண்ணின் காதருகே பின்சீட்டுப் பையன் அந்த பீப் பாட்டைப் பாடுகிறான். பீப் வரும் இடத்தில் பீப்பை விட்டுவிட்டுச் சொல்லையே பாடுகிறான். ஒளிந்திருந்த சொல்லை மூளையில் நிரப்பிக்கொள்ளும் பயிற்சியை நாள் முழுக்கக் கொடுத்தது யார்?

அந்தப் பெண் புகார் எழுதலாம், வழி இருக்கிறது. திரைக்கடியில் ஒரு வரி ஓடும், கண் இமைத்தால் போய்விடும்; விலாசம் டெல்லி. எந்தச் சேனல், என்றைக்கு, எத்தனை மணிக்கு, ஆட்சேபம் எந்தச் சொல்லுக்கு என்று தெளிவாக எழுதவேண்டும். அந்தச் சொல்லை எழுதக் கை கூசினால், ‘பீப்’ என்று போட்டு அனுப்பட்டும். டெல்லியில் புரிந்துகொள்வார்கள்.