74 மணி நேர நலவாழ்வு

1992 ஜூன் 5-ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. முதுநிலை மருத்துவ மாணவர்களிடம் சாதாரணமாக ஒரே தொடர்ச்சியில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம்தான், வாரம் ஒரு நாள் விடுப்பு. அந்த உத்தரவுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. அரசாங்கக் காகிதங்களில் இவ்வளவு நிம்மதியாகத் தூங்கியது வேறொன்று இருக்க முடியாது. யாருக்காக அதைப் போட்டார்களோ அவர்கள்தான் இன்னும் தூங்கவில்லை.

அதற்காக, மாணவர்களின் மனநலத்தில் மேலிடத்துக்கு அக்கறை இல்லை என்று நரம்பில்லாத நாக்குதான் சொல்லும். தேசிய மருத்துவ ஆணையம் இதற்கென்றே ஒரு பணிக்குழு அமைத்தது. இணையத்தில் கேள்வித்தாளைச் சுற்றுக்கு விட்டது. 25,590 இளநிலை மாணவர்களும் 5,337 முதுநிலை மாணவர்களும் பதில் எழுதினார்கள். (எழுத நேரம் எப்படிக் கிடைத்தது என்பதை அடுத்த பணிக்குழு ஆராயலாம்.) 2024-இல் வெளிவந்த அறிக்கையின்படி, அதற்கு முந்தைய ஓராண்டில் உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்தவர்கள் எம்.பி.பி.எஸ். படிப்போரில் 100-க்கு 16 பேர், எம்.டி., எம்.எஸ். படிப்போரில் 31 பேர். படிக்கப் படிக்க மேலே போகலாம் என்று பெரியவர்கள் சொன்னது பொய்யில்லை.

நோயைக் கண்டுபிடித்தாயிற்று. மருந்து? முதுநிலை மாணவர்களிடம் வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டாம் என்று பணிக்குழு பரிந்துரைத்தது. இன்னொரு முறை படியுங்கள், அச்சுப்பிழை இல்லை. 1992-இல் 48-ஐத் தாண்டினால் உத்தரவை மீறிய குற்றம். 2024-இல் 74 வரை வாங்கினால் மாணவர் நலன். 32 ஆண்டுகளில் அக்கறை 26 மணி நேரம் கூடியிருக்கிறது. இதே கருணை தொடர்ந்தால் ஏதோ ஒரு பணிக்குழு 168-இல் வந்து நிற்கும். அதற்கு மேல் வாரத்தில் மணி கிடையாது.

அறிக்கையில் நல்லது எதுவும் இல்லை என்று சொல்ல மாட்டேன். தினம் 7, 8 மணி நேரத் தூக்கம் வேண்டும், வார விடுப்பு வேண்டும் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். ஆனால் சட்டமாக நிற்கும் 2023-ஆம் ஆண்டு முதுநிலைக் கல்வி ஒழுங்குமுறையில் எண்ணே இல்லை. ‘நியாயமான’ நேரம் வேலை செய்ய வேண்டும், ‘நியாயமான’ ஓய்வு தரப்படும் என்பதோடு சரி. எண்ணைப் போட்டால்தானே மீறியதாக ஒருவன் வழக்குப் போடுவான்?

வெளியில் இருப்பவர்களுக்கு இந்த மணிக்கணக்கு எளிதில் விளங்காது. அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் மெடிசின் படிக்கும் முதலாண்டு முதுநிலை மாணவர் (பிஜி) ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய யூனிட்டுக்குத் திங்கட்கிழமை அட்மிஷன் நாள். விடியற்காலையில் வார்டுக்கு வந்து ரத்த மாதிரி எடுக்க வேண்டும். சீஃப் ரவுண்ட்ஸ் வருவதற்குள் கேஸ் ஷீட் எழுத வேண்டும். பிறகு ஓ.பி. பிறகு பாம்புக்கடி, மாரடைப்பு, வலிப்பு, சர்க்கரை ஏறி நினைவிழந்தவர் என்று விடிய விடிய வருகிறவர்கள். நடுவில் லேபுக்கு ஓடி ரிப்போர்ட் வாங்க வேண்டும். ஆளில்லாத நேரத்தில் ஸ்கேனுக்கு ட்ராலியும் தள்ள வேண்டும். செவ்வாய் காலையில் கசங்கிய அதே சட்டையோடு ரவுண்ட்ஸில் நின்று, ராத்திரி சேர்ந்தவர்களின் பொட்டாசியம் அளவு வரைக்கும் பார்க்காமல் ஒப்பிக்க வேண்டும். ஒன்று தவறினால் நோயாளி, நர்ஸ், ஹவுஸ் சர்ஜன் எல்லார் முன்னாலும் அர்ச்சனை. அப்புறம் செவ்வாய்க்கிழமை வேலை தொடங்கும். அன்று சாயங்காலம் ஹாஸ்டல் போய்ச் சேர்ந்தால் அவர் கொடுத்துவைத்தவர். இதற்கிடையில் தீசிஸும் எழுத வேண்டும். அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் யார் என்றால், காலையில் அர்ச்சனை செய்தாரே, அவர்தான்.

1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பேருந்து ஓட்டுநருக்கு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. ஓட்டுகிறவர் கண்ணயர்ந்தால் வண்டி பள்ளத்தில் போகும் என்பது 1961-லேயே டெல்லிக்குத் தெரிந்திருக்கிறது. 30 மணி நேரம் கண்மூடாதவர் உங்கள் அப்பாவின் கழுத்து நரம்பில் ஊசி ஏற்றினால் மட்டும் அதற்குப் பெயர் பயிற்சி.

இந்தப் பயிற்சியின் பூர்வீகத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889-இல் திறக்கப்பட்டது. இளம் மருத்துவர்கள் ஆஸ்பத்திரியிலேயே குடியிருந்து இரவு பகலாக வேலை பழகும் அறுவைப் பயிற்சி முறையை அங்கே உருவாக்கியவர் வில்லியம் ஹால்ஸ்டெட். மேதை, அதில் சந்தேகமே வேண்டாம். கொக்கைன் ஊசியால் உடம்பின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போக வைக்கலாமா என்று தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து அதற்கு அடிமையானவர். அதிலிருந்து மீளப் போய் மார்ஃபினிடமும் மாட்டிக்கொண்டவர். அவர் வகுத்த அட்டவணை கடல் கடந்து இங்கேயும் வந்துவிட்டது. அவருக்காவது கொக்கைன் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரி வாசல் டீக்கடைதான்.

இதைச் சொன்னால் மூத்த பேராசிரியர்களுக்குக் கோபம் வரும். “நாங்கள்லாம் மூணு நாள் வார்டுலயே கெடந்தோம்ப்பா. ஸ்ட்ரெஸ்ஸு, டிப்ரெஷன்னு ஒருத்தன் வாயத் தொறந்திருப்பானா?” திறந்திருக்க மாட்டான் சார். திறந்திருந்தால் பிராக்டிகல் பரீட்சையில் அவனுக்கு என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இப்போதும் அதுதான் நிலைமை. மனநலத் துறை அதே வளாகத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஓ.பி. வரிசையில் பக்கத்தில் நிற்பது நேற்று தான் பார்த்த நோயாளி; உள்ளே உட்கார்ந்திருப்பது தன் துறைத் தலைவரோடு (எச்.ஓ.டி.) தினமும் காபி குடிப்பவர். இதய நோய்க்குச் சீட்டு எடுக்கலாம், மனசுக்கு எடுத்தால் மறுநாள் டிபார்ட்மென்ட் முழுக்கத் தெரியும். ‘இவனே இப்படின்னா பேஷன்ட்ட எப்படிப் பார்ப்பான்?’ என்று கேட்பவர்களும் மருத்துவர்கள்தான்.

சரி, யோகா இருக்கிறதே. 2022-இல் எம்.பி.பி.எஸ். முதலாண்டு அடிப்படைப் பயிற்சியில் ஆணையம் யோகாவைச் சேர்த்தது. ஜூன் 12 முதல் 21 வரை 10 நாள், தினம் ஒரு மணி நேரம். யோகா தினத்தன்று புகைப்படத்தோடு மங்களம். மன அழுத்தம் 22-ஆம் தேதிதான் வேலையில் சேரும் போலிருக்கிறது. தமிழ்நாட்டில் ‘மனம்’ என்ற பெயரில் மனநல நல்லாதரவு மன்றங்கள் தொடங்கினார்கள். நல்ல முயற்சி, கிண்டலாகச் சொல்லவில்லை. அந்த மன்றத்துக்குப் போக டியூட்டியில் ஒரு மணி நேரம் யார் விடுவிப்பார்கள் என்பதையும் அரசாணையில் ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும்.

‘முடியவில்லை என்றால் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே?’ போகலாம். பணத்தை எடுத்து வைத்துவிட்டுப் போகலாம். சில மாநிலங்களில் இடையில் நிற்பவர், சேரும்போது எழுதிக் கொடுத்த பாண்டுப்படி 50 லட்சம் ரூபாய் வரை கட்ட வேண்டியிருந்தது. 2024 ஜனவரியில் ஆணையமே இந்த பாண்டு வேண்டாம் என்று மாநிலங்களுக்கு எழுதிக் கேட்டுக்கொண்டது. கந்துவட்டிக்காரனிடம் பத்திரம் எழுதிக் கொடுத்தவனுக்குக்கூட இரவில் ஓடிப்போகிற வழி ஒன்று உண்டு. இவர்களுடைய சான்றிதழ்கள் கல்லூரி பீரோவில். தனியார் கல்லூரிகளின் பெருமை வேறு வகை. உதவித்தொகையே வருவதில்லை என்றும், வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு நிர்வாகமே திரும்ப வாங்கிக்கொள்கிறது என்றும் ஆணையம் 2023-இல் நடத்திய கணக்கெடுப்பிலேயே மாணவர்கள் எழுதிக் கொடுத்தார்கள்.

இவ்வளவும் யாருக்கும் தெரியாமல் நடக்கவில்லை. பிஜிகளும் ஹவுஸ் சர்ஜன்களும் ஒரு வாரம் 48 மணி நேரம் மட்டும் வேலை செய்தால் நம் பெரிய ஆஸ்பத்திரிகளில் பாதி வார்டுகளைப் பூட்ட வேண்டிவரும். அந்த இடங்களில் நிரந்தர மருத்துவர்களை நியமித்தால் சம்பளம் கொடுக்க வேண்டும், ஓய்வூதியம் கேட்பார்கள், சங்கம் வைப்பார்கள். மாணவன் என்றால் மார்க் போதும். கல்லூரிகள் திறக்கப் பஞ்சமில்லை. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் மட்டும் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுக்குத் திறப்பு விழா. நாடா வெட்ட ஆள் கிடைத்தது. பாடம் நடத்த ஆள் போதவில்லை என்று 2025-இல் அரசுக் கல்லூரிகளுக்கு நோட்டீஸ் வந்தது.

2024 ஆகஸ்டில், பணிக்குழுவின் அறிக்கை பேசப்பட்ட அதே மாதத்தில், கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் 36 மணி நேர டியூட்டியிலிருந்த ஒரு முதுநிலை மாணவி, கொஞ்சம் கண்மூட இடம் தேடிக் கருத்தரங்கு அறைக்குப் போனார். அங்கேதான் அவர் சிதைத்துக் கொல்லப்பட்டார். மேற்கு வங்க அரசின் முதல் யோசனைகளில் ஒன்று, முடிந்தவரை பெண்களுக்கு இரவுப் பணி வேண்டாம் என்பது. உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகே அது மாறியது. கதவில் தாழ்ப்பாளும் உள்ளே ஒரு கட்டிலும் உள்ள ஓய்வறை ஒன்றுக்கு என்ன செலவாகும் என்று அந்த ஆகஸ்டுக்கு முன்பே கணக்குப் பார்த்திருக்கலாம்.

ஐந்தாண்டுகளில் 122 மருத்துவ மாணவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது ஆணையம் தந்த கணக்கு இது. ஒவ்வொரு முறையும் அறையைச் சோதிக்கிறார்கள், கைப்பேசியைக் கைப்பற்றுகிறார்கள், காதல் இருந்ததா, கடன் இருந்ததா என்று தோண்டுகிறார்கள். டியூட்டி சார்ட்டைக் கைப்பற்றியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

இதைப் படிக்கிற மாணவரே, உங்களுக்கு மட்டும் கிண்டல் இல்லாமல் ஒன்று. மனசு தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை எந்த நேரத்திலும் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். உங்கள் எச்.ஓ.டி.க்குத் தெரியாது. பலவீனம் உங்களுடையது என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் டீனைப் பார்த்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்த வார்டின் டியூட்டி சார்ட்டை வாசலில் ஒட்டுங்கள், எங்களுக்கு ஊசி போடுகிறவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். மாணவர்கள் கேட்டால் இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார்கள். உங்களிடம் பிடுங்க அவர்களிடம் மார்க் இல்லை.